எட்டுப் போட்ட எலி: செப்சிஸ் ஆய்வில் விலங்குகளுக்கு என்ன வேலை?

எங்கள் வேளச்சேரி குடியிருப்பின் மூன்றாவது மாடியில் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் இருக்கிறார். சென்ற ஆண்டு அவருடைய அக்கா காலமானார். வயது 68. இருபது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். சிறுநீர்த் தொற்றாகத் தொடங்கியதை வெறும் காய்ச்சல் என்று நினைத்து இரண்டு நாள் பாராசிட்டமால் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் பேச்சு குழறியதும் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். ஐந்தாம் நாள் கைக்கு வந்த காகிதத்தில் 'செப்சிஸ்' என்று எழுதியிருந்தது.

அன்றிலிருந்து அந்தச் சொல் எங்கே கண்ணில் பட்டாலும் எனக்கு அனுப்பிவைப்பார். போன மாதம் அனுப்பியது, எலிகளில் முழு வெற்றி கண்ட புது மருந்து பற்றிய ஒரு செய்தித் துணுக்கு. மாலையில் படிக்கட்டில் பார்த்தபோது, "எலியைப் பிழைக்க வைக்கும் மருந்து இருக்கிறதே தம்பி, என் அக்காவுக்கு ஏன் கொடுக்கவில்லை?" என்று கேட்டார். அருகில் நின்ற அவர் மகன், "எலி வேறு, மனிதன் வேறு அப்பா. அந்த ஆய்வெல்லாம் கண்துடைப்பு" என்றான்.

இரண்டு பேர் சொன்னதும் சரியல்ல. ஆனால் படித்தவர்களே இந்த இரண்டில் ஒன்றைத்தான் நம்புகிறார்கள். படிக்கட்டில் நின்றபடி ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்க முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன்.

'செப்டிக்' வேறு, செப்சிஸ் வேறு

காலில் புண் சீழ் பிடித்தால் 'செப்டிக் ஆகிவிட்டது' என்கிறோம். யாராவது தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தால் 'ரத்தத்தில் கிருமி கலந்துவிட்டது' என்கிறோம். செப்சிஸ் இந்த இரண்டுமே அல்ல. செப்சிஸ் வந்த பலரின் ரத்தத்தை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்தால் கிருமி எதுவும் முளைப்பதில்லை. 2016இல் மருத்துவர்கள் ஒப்புக்கொண்ட வரையறை இது: தொற்றுக்கு எதிராக உடல் காட்டும் எதிர்வினை கட்டுமீறி, உயிரைப் பறிக்கும் அளவுக்கு உறுப்புகள் செயலிழப்பது.

தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை தியாகராய நகர் ரங்கநாதன் தெருவை நினைத்துக்கொள்ளுங்கள். எள் போட்டால் கீழே விழாத கூட்டம். எங்கோ ஒரு பிக்பாக்கெட். அவனைப் பிடிக்கப் போலீசார் தெருவின் இரு முனைகளையும் அடைத்துத் தடியடியில் இறங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கடைகள் ஷட்டரை இறக்குகின்றன, ஜனங்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுகிறார்கள். திருடன் எடுத்தது ஒரு பர்ஸ், தெருவில் உடைந்தது நூறு கை கால்கள். இதற்குப் பிறகு போலீசார் களைத்து உட்கார்ந்துவிட்டால், அடுத்த திருடனுக்குக் கேட்பாரே இல்லை. செப்சிஸிலும் இந்த இரண்டாம் கட்டம் உண்டு. முதல் தாக்குதலில் தப்பியவர்கள் சிலர் இரண்டு வாரம் கழித்து வேறொரு சாதாரணக் கிருமிக்குப் பலியாவது அதனால்தான்.

உடலுக்குள் நடப்பது என்ன? கிருமியைக் கண்ட வெள்ளை அணுக்கள் தகவல் சொல்லும் புரதங்களை வெளியிடுகின்றன. இவற்றுக்குச் சைட்டோகைன் என்று பெயர். அவை ரத்தக் குழாய்களை விரிவாக்கி, சுவர்களைக் கொஞ்சம் கசியவும் விடுகின்றன, காவல் அணுக்கள் வெளியேறி இடத்துக்குப் போக வேண்டுமே. கட்டை விரலில் முள் குத்தினால் சிவந்து வீங்குவது இதனால்தான். அங்கே அது நல்லது. உடம்பு முழுவதும் ஒரே நேரத்தில் நடந்தால்? மெட்ரோ வாட்டர் குழாய்கள் எல்லாம் திடீரென்று இரண்டு மடங்கு அகலமாகி, ஊர் முழுக்க கசியவும் தொடங்கினால் எந்த வீட்டு அடிபம்பிலும் தண்ணீர் ஏறாது. ரத்த அழுத்தம் விழுவது அப்படித்தான். போதாக்குறைக்கு மிக நுண்ணிய குழாய்களில் ரத்தம் உறைந்து அடைக்கிறது. மூளைக்கு ரத்தம் குறைந்தால் பேச்சு குழறும், சிறுநீரகத்துக்குக் குறைந்தால் சிறுநீர் நிற்கும்.

சுருக்கமாக, தொற்று தீக்குச்சி மட்டுமே. எரிவது நம் வீட்டு மரச்சாமான். 2017இல் உலகம் முழுவதும் ஏறத்தாழ 4.89 கோடிப் பேருக்குச் செப்சிஸ் வந்து 1.1 கோடிப் பேர் இறந்தார்கள் என்பது மதிப்பீடு. அந்த ஆண்டின் மொத்த மரணங்களில் ஐந்தில் ஒரு பங்கு.

மாதிரி என்றால் எட்டுப் போடுவது

இந்தக் கலவரத்தின் நடுவே எதை நிறுத்தலாம், எப்போது நிறுத்தலாம் என்பதை உயிருக்குப் போராடும் நோயாளியிடம் சோதித்துப் பார்க்க முடியாது. கண்ணாடிக் குடுவையில் வளரும் செல்களுக்கோ ரத்த அழுத்தமும் இல்லை, சிறுநீரகமும் இல்லை. அதனால் ஓர் உயிருள்ள உடலில் நோயின் ஒரு பகுதியை வேண்டுமென்றே உண்டாக்கிப் பார்க்கிறார்கள். இதைத்தான் விலங்கு மாதிரி என்கிறார்கள். ஒரு பகுதியை என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.

இருசக்கர வாகன உரிமம் வாங்கப் போனால் ஆர்.டி.ஓ. மைதானத்தில் எட்டுப் போடச் சொல்வார்கள். கால் ஊன்றாமல், கோட்டைத் தாண்டாமல் எட்டு வடிவில் ஓட்டிக் காட்ட வேண்டும். அதில் சமநிலையும் திருப்பமும் நிதானமும் தெரியும். கத்திப்பாராவில் மாலை ஆறு மணிக்கு இடது பக்கமாக உரசும் பஸ், மழையில் மறைந்த பள்ளம், எதிர்ப்பக்கத்தில் வரும் ஆட்டோ, இவை எதுவும் தெரியாது. எட்டுப் போடத் தெரியாதவனைச் சாலையில் விடக்கூடாது. எட்டுப் போட்டுவிட்டான் என்பதற்காக அவன் பின்னால் கண்ணை மூடிக்கொண்டு ஏறவும் கூடாது.

சுண்டெலியில் வென்ற மருந்து எட்டுப் போட்ட மருந்து. செய்தித் தலைப்புகள் அதை இருபது ஆண்டு விபத்தில்லாமல் ஓட்டியவர் போல எழுதிவிடுகின்றன. மூன்றாம் மாடிக்காரரின் ஏமாற்றம் அங்கே தொடங்குகிறது.

சுண்டெலிக்குச் செப்சிஸ் வரவைப்பது எப்படி?

பல வழிகள் உண்டு. இரண்டைத் தெரிந்துகொண்டால் போதும்.

முதல் வழி எளிது. சிலவகைப் பாக்டீரியாக்களின் மேல் உறையில் இருக்கும் ஒரு நச்சுப்பொருளை மட்டும் பிரித்தெடுத்து ஊசியாகப் போடுவது. இதற்கு எண்டோடாக்சின் என்று பெயர். உயிருள்ள கிருமி ஒன்றுகூட உள்ளே போவதில்லை. ரங்கநாதன் தெருவில் திருடனே இல்லாமல் "திருடன், திருடன்" என்று யாரோ கத்தியது போல. போலீசார் ஓடிவருவார்கள், தள்ளுமுள்ளும் நடக்கும். சில மணி நேரத்தில் முடிவு தெரிந்துவிடும், எல்லா எலிக்கும் ஒரே அளவு கொடுக்கலாம். ஆய்வாளருக்கு இதைவிட வசதி வேறில்லை. ஆனால் உண்மையான செப்சிஸில் திருடன் இருக்கிறான், அவனைப் பிடித்தாகவும் வேண்டும்.

இன்னொரு சிக்கல் அளவு. மனிதத் தன்னார்வலர்களுக்குக் கட்டுப்பாட்டோடு நடந்த சோதனைகளில் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 4 நானோகிராம் எண்டோடாக்சின் கொடுத்தாலே காய்ச்சலும் நடுக்கமும் வந்துவிடும். நானோகிராம் என்பது ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு. சுண்டெலியைக் கொல்லக் கிலோவுக்கு மில்லிகிராம் கணக்கில் கொடுக்க வேண்டும். குப்பைமேட்டிலும் சாக்கடையிலும் காலம் தள்ளிய வம்சம் இதற்கெல்லாம் அசராது போலும். அமெரிக்காவில் ஒருவர் தன் கட்டியைத் தானே குணப்படுத்திக்கொள்ள நினைத்து 1 மில்லிகிராம் எண்டோடாக்சினை உடலில் ஏற்றிக்கொண்டு, கடும் அதிர்ச்சி நிலையில் தீவிர சிகிச்சைக்குப் போய்ப் பிழைத்த கதை 1993இல் மருத்துவ இதழில் வெளிவந்தது. ஒரு மனிதனை அந்த நிலைக்குத் தள்ளிய அதே அளவு, எடைக்கு எடை பார்த்தால், சுண்டெலிக்கு ஒரு பொருட்டே அல்ல.

இரண்டாவது வழி, மயக்க மருந்து கொடுத்து வயிற்றைத் திறந்து, பெருங்குடலின் தொடக்கத்தில் இருக்கும் பையை நூலால் கட்டி ஊசியால் துளையிடுவது. நமக்குக் குடல்வால் தொங்கிக்கொண்டிருப்பது அந்தப் பையில்தான். துளை வழியாகக் குடலின் கிருமிகள் வயிற்றறைக்குள் கசியும். குடல்வால் வெடித்தவருக்கு நடப்பதற்கு ஏறக்குறைய ஒப்பானது. 1980இல் விக்டர்மேன், பாவ், சௌத்ரி என்ற மூவர் முன்வைத்த இந்த முறைதான் இன்றுவரை அதிகம் கையாளப்படுவது. பையில் எவ்வளவு பகுதியைக் கட்டுகிறோம், ஊசி எவ்வளவு தடிமன் என்பதைப் பொறுத்து நோயின் கடுமையைக் கூட்டலாம், குறைக்கலாம். அதுவே அதன் பலவீனமும். ஒரே தெருவின் இரண்டு டீக்கடைகளில் டீ ஒரே மாதிரியா இருக்கிறது? இரண்டு ஆய்வகங்களில் இரண்டு கைகள் செய்யும் அறுவையும் அப்படித்தான்.

ஆக, எண்டோடாக்சின் கலவரத்தை மட்டும் காட்டுகிறது. குடல் துளை முறை கலவரத்தையும் திருடனையும் சேர்த்துக் காட்டுகிறது. அடுத்து வரும் கதைக்கு இந்த வேறுபாடுதான் சாவி.

இரண்டு மணி நேரம் முன்பு

சைட்டோகைன்களில் ஒன்று டி.என்.எஃப். கலவரத்தில் முதல் விசில் ஊதுவது பெரும்பாலும் இதுதான். 1985இல் பியூட்லரும் செராமியும் உள்ளிட்ட குழு, டி.என்.எஃப்பைப் பிடித்து முடக்கும் எதிர்ப்பொருளை முன்கூட்டியே கொடுத்தால் எண்டோடாக்சினால் எலிகள் சாவது குறைகிறது என்று காட்டியது. 1987இல் பபூன் குரங்குகளுக்கு உயிருள்ள ஈ.கோலை கிருமியையே ஏற்றிப் பார்த்தார்கள். மருந்து பெற்ற குரங்குகள் தப்பின. மருத்துவ உலகம் துள்ளிக் குதித்தது. செப்சிஸுக்குச் சாவி கிடைத்துவிட்டது என்றே பலர் நம்பினார்கள்.

அந்தப் பபூன் ஆய்வின் சுருக்கத்திலேயே ஒரு வரி இருக்கிறது. கிருமியை ஏற்றுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு மருந்து கொடுத்தால் முழுப் பாதுகாப்பு. ஒரு மணி நேரம் முன்பு கொடுத்தால் ரத்த அழுத்தம் விழவில்லை, ஆனால் உறுப்புகள் கெட்டன. நோய் வருவதற்கு முன்னால்! சிறுநீர்த் தொற்று இன்று மதியம் மூன்று மணிக்குச் செப்சிஸாக மாறும் என்று பஞ்சாங்கம் பார்த்துச் சொல்ல முடிந்தால் ஒரு மணிக்கு ஊசி போடலாம். மூன்றாம் மாடிக்காரரின் அக்கா வந்து சேர்ந்தது மூன்றாம் நாள்.

அதைவிட என்னை உறுத்துவது வேறு. 1990களின் தொடக்கத்திலேயே குடல் துளை முறையில் வேறு குழுக்கள் இதே யோசனையைச் சோதித்தன. டி.என்.எஃப்பை முடக்கியதால் எலிகள் பிழைக்கவில்லை. ஓர் ஆய்வில், தானாகத் தேறியிருக்க வேண்டிய எலிகளும் இறந்தன. காரணம் புரியக்கூடியதே. திருடன் உள்ளே இருக்கும்போது விசிலைப் பிடுங்கிவிட்டால் அவனை யார் பிடிப்பது? கத்தலுக்கு மட்டும் கலவரம் நடந்த மாதிரியில் விசிலைப் பிடுங்குவது நல்லது. உண்மைத் திருடன் இருந்த மாதிரியில் ஆபத்து. எலிகள் இரண்டு கேள்விக்கு இரண்டு விடை சொல்லியிருந்தன. கேட்டவர்களுக்கு முதல் விடைதான் இனித்தது.

மனிதர்களிடம் என்ன ஆனது? டி.என்.எஃப்பை உறிஞ்சிக்கொள்ளும் ஒரு மருந்தை 141 நோயாளிகளிடம் சோதித்த முடிவு 1996இல் வந்தது. மருந்தில்லாத ஊசி பெற்றவர்களில் இறந்தவர்கள் 30 சதவீதம். மிகக் குறைந்த அளவு மருந்து பெற்றவர்களிலும் அதே 30. மிக அதிக அளவு பெற்றவர்களில் 53. அந்த மருந்து வீணாகிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எட்டனர்செப்ட் என்ற பெயரில் அது இன்று முடக்குவாதத்துக்குப் பயன்படுகிறது, சென்னையிலும் மூட்டு மருத்துவர்கள் எழுதிக்கொடுக்கிறார்கள். அங்கே திருடனே இல்லாமல்தான் விசில் ஊதிக்கொண்டிருக்கிறது.

அக்காவும் சுண்டெலியும்

நோயாளியையும் எலியையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். அக்காவுக்கு 68 வயது. ஆய்வகச் சுண்டெலிக்குப் பெரும்பாலும் எட்டு முதல் பன்னிரண்டு வாரம், மனிதக் கணக்கில் கல்லூரி முடித்த வயது. அக்காவுக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம், இரண்டுக்கும் மாத்திரைகள். எலிக்கு ஒரு நோயும் இல்லை, அண்ணன் தம்பி எல்லோரும் ஒரே மரபணு வார்ப்பு. அக்காவுக்கு வந்து சேர்ந்த முதல் மணி நேரத்தில் ஆண்டிபயாடிக், டிரிப்ஸ், பிறகு ரத்த அழுத்தத்தைத் தூக்கும் மருந்து, செயற்கை சுவாசம். பழைய எலி ஆய்வுகள் பலவற்றில் இவை எதுவும் கிடையாது, புது மருந்து மட்டுந்தான். எந்தச் சிகிச்சையும் இல்லாதவனுக்குக் கிடைக்கும் சிறு உதவியும் பெரிதாகத் தெரியும். எல்லாச் சிகிச்சையும் கிடைத்தவருக்கு அதற்கு மேல் என்ன கூடுகிறது என்பது வேறு கேள்வி.

உடலமைப்பிலும் வேறுபாடு உண்டு. நம் வெள்ளை அணுக்களில் பாதிக்கு மேல் நியூட்ரோஃபில், அதாவது முதலில் ஓடிவரும் காலாட்படை. சுண்டெலியின் ரத்தத்தில் பெரும்பான்மை லிம்போசைட், நிதானமாகத் திட்டமிட்டு வரும் படை. நமக்குப் பெரும்பாலும் காய்ச்சல் அடிக்கும், கடும் செப்சிஸில் சுண்டெலியின் உடல் குளிர்ந்துபோகும். அதன் உடலில் மொத்த ரத்தமே இரண்டு மில்லிலிட்டருக்கு உள்ளேதான். நம் வார்டில் காலையில் ஒரு பரிசோதனைக் குழாயில் எடுப்பது அதைவிட அதிகம். அதனால்தான் மணிக்கு மணி ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டிய ஆய்வுகளுக்குப் பன்றி, செம்மறி போன்ற பெரிய விலங்குகள் தேவைப்படுகின்றன.

சுத்தமும் ஒரு குறை என்றால் நம்புவீர்களா? ஆய்வகச் சுண்டெலிகள் கிருமி அண்டாத கூண்டில் வளர்பவை. அவற்றின் நோய் எதிர்ப்பு மண்டலம் பிறந்த குழந்தையினுடையதைப் போல இருப்பதாக 2016இல் அமெரிக்கக் குழு ஒன்று கண்டது. செல்லப்பிராணிக் கடையில் வாங்கிய எலிகளோடு சேர்த்து வளர்த்தபோது அது வளர்ந்த மனிதருடையதை ஒத்து மாறியது. சென்னை மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீர் வழியாக எலிக்காய்ச்சலைப் பரப்பும் நம் தெருவோர எலிதான் ஒருவிதத்தில் நமக்கு நெருங்கிய மாதிரி போலிருக்கிறது.

அப்படியானால் மகன் சொன்னதுதான் சரியா?

இல்லை. எண்டோடாக்சினை உடல் எப்படி அடையாளம் காண்கிறது என்ற கேள்விக்கு விடை கொடுத்ததே ஒரு வினோதமான எலி இனம்தான். எவ்வளவு எண்டோடாக்சின் கொடுத்தாலும் அந்த எலிகள் அசையவில்லை. ஏன் என்று மரபணு மரபணுவாகத் தேடிய பியூட்லரின் குழு, 1998இல் டி.எல்.ஆர்.4 என்ற ஏற்பியில் பழுது இருப்பதைக் கண்டுபிடித்தது. ஏற்பி என்றால் கதவில் இருக்கும் அழைப்பு மணி என்று வைத்துக்கொள்ளலாம், எண்டோடாக்சின் அழுத்துவது அந்த மணியைத்தான். நமக்கும் அதே மணி இருக்கிறது. 2011இல் பியூட்லர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அந்த மணியை அடைக்கும் எரிடோரான் என்ற மருந்து ஏறத்தாழ 2,000 நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டு 2013இல் தோற்றது என்பதும் உண்மை. மணியைப் பற்றிய அறிவு சரி. கலவரம் தொடங்கிவிட்ட பிறகு மணியை அடைத்துப் பயன் என்ன?

விலங்கு எச்சரித்ததும் நடந்திருக்கிறது. எண்டோடாக்சினைப் பிடிக்கும் எச்.ஏ.1ஏ என்ற எதிர்ப்பொருள் 1991இல் மனிதச் சோதனையில் நல்ல பெயர் எடுத்தது, ஐரோப்பாவில் சில நாடுகளில் விற்பனைக்கும் வந்தது. பிறகு நாய்களில் நடந்த ஆய்வில் மருந்து பெற்ற நாய்கள்தான் அதிகம் இறந்தன. 1993இல் மனிதர்களிடம் நடந்துகொண்டிருந்த இரண்டாவது சோதனையும் மரணங்கள் கூடியதால் நிறுத்தப்பட்டது. இங்கே எட்டுப் போடும் தேர்வு சரியாகவே சொன்னது.

எலி மனிதனைப் போன்றதா என்ற பொதுக் கேள்வியில் விஞ்ஞானிகளே அடித்துக்கொண்டார்கள். 2013இல் வெளிவந்த பெரிய ஆய்வு, அழற்சியின்போது எலியின் மரபணுக்கள் நடந்துகொள்ளும் விதம் மனிதருடையதோடு பொருந்தவில்லை என்றது. 2014இல் ஜப்பானியர் இருவர் அதே தரவுகளை வேறு கணக்கில் போட்டு, நன்றாகப் பொருந்துகிறது என்றார்கள். என் எண்ணத்தில் அந்தக் கேள்வியே கோணல். எந்த எலி, எந்த முறை, எந்த நேரம் என்று சொல்லாமல் பொருந்துமா என்று கேட்பது, அளவு சொல்லாமல் சட்டை பொருந்துமா என்று தையற்காரரிடம் கேட்பது போல.

2017இல் வியன்னாவில் கூடிய செப்சிஸ் ஆய்வாளர்கள் இதைச் சீர்செய்யக் குறைந்தபட்ச விதிகளை வகுத்தார்கள். எலிக்கும் டிரிப்ஸ் கொடுங்கள், ஆண்டிபயாடிக் கொடுங்கள், வலியைத் தணியுங்கள், மருந்தை நோய் தொடங்கிய பிறகு கொடுங்கள் என்பது அவற்றின் சாரம். கேட்டால் சிரிப்பு வரலாம், இது முன்பே தெரியாதா என்று. தெரியும்தான். செலவும் உழைப்பும் கூடும்.

வலியின் கணக்கு

இந்த எலிகளுக்கு வலிக்கும். அதை மறைத்துப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. இந்தியாவில் விலங்குவதைத் தடைச் சட்டம் 1960இல் வந்ததற்குப் பின்னால் இருந்தவர் நம் கலாக்ஷேத்ராவின் ருக்மிணி தேவி அருண்டேல். மாநிலங்களவையில் அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதாதான் அதற்கு விதை. 1962இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர், அதன் தலைமையகமும் பல ஆண்டுகள் சென்னையில்தான் இருந்தது. அந்தச் சட்டம் ஆய்வைத் தடை செய்யவில்லை, தேவையற்ற வலியைத் தடுக்கிறது. எந்த ஆய்வகமும் தன் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் ஓர் எலியைத் தொடக்கூடாது. முன்பு எத்தனை எலி செத்தது என்று எண்ணி முடிவு சொன்னார்கள். இன்று உடல் வெப்பம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால், சாகும்வரை காத்திருக்காமல் வலியின்றி முடித்துவிடுவது நல்ல முறையாகக் கருதப்படுகிறது. வலிநிவாரணி கொடுத்தால் அதுவே எதிர்ப்பு மண்டலத்தைக் கொஞ்சம் மாற்றும் என்ற தலைவலி ஆய்வாளருக்கு உண்டு. ஆனால் மனித நோயாளிக்கும்தான் வலிநிவாரணி கொடுக்கிறோம்.

மனிதச் செல்களை வைத்துச் சில்லுகளில் உருவாக்கும் சிற்றுறுப்புகள் போன்ற மாற்றுவழிகளை மருந்துச் சோதனையில் ஏற்க 2023 மார்ச்சில் இந்திய விதிகளும் திருத்தப்பட்டன. அவை வளரட்டும். உடல் முழுவதும் பரவும் ஒரு கலவரத்தைச் சில்லில் காட்ட இன்னும் நாளாகும்.

மறுபடியும் படிக்கட்டில்

இதில் பாதியைத்தான் மூன்றாம் மாடிக்காரரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தான் அனுப்பிய செய்தியை மீண்டும் மேலிருந்து கீழே படித்தார். எத்தனை எலிகள் பிழைத்தன என்று இருந்தது. ஆய்வகத்தின் படம் இருந்தது. மருந்து எப்போது கொடுக்கப்பட்டது, ஆண்டிபயாடிக்கும் சேர்த்துக் கொடுத்தார்களா என்பது எங்கும் இல்லை. "அக்காவுக்கு எது முன்னால் கிடைத்திருக்க வேண்டும்?" என்று கேட்டார். மருந்து இல்லை சார், ஆஸ்பத்திரி என்றேன். முதல் நாளே காய்ச்சலோடு நடுக்கம், மூச்சு வாங்கல், சிறுநீர் குறைவு, குழப்பமான பேச்சு இருந்தால் அன்றே ஓட வேண்டும், ஆண்டிபயாடிக் தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் ஆபத்து. அவர் ஒன்றும் சொல்லாமல் மேலே ஏறிப்போனார்.

நேற்று வேறொரு செய்தி அனுப்பியிருந்தார், புற்றுநோய் மருந்து பற்றியது. கீழே அவரே ஒரு வரி சேர்த்திருந்தார்: "எலிக்கு என்ன வயது என்று போடவில்லை, பார்த்தீர்களா தம்பி?"